போர்ட் லூயிஸில் ஒரு முற்றத்துக் கடை: உரிமம் முதல் மரக்கரண்டி வரை

மொரிஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில் சிறிய உணவுக்கடை போட நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது உரிமத்தைப் பற்றித்தான். எந்த அலுவலகம், என்னென்ன தாள், யாரைப் பார்ப்பது என்றே கேள்விகள் வரும். அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஃப்ரோசன் யோகர்ட் (ஐஸ்கிரீம்போல் உறையவைத்த தயிர்) கடையைத் திறப்பதற்குள் எங்களை ஆட்டிப் படைத்தது அரசாங்கம் அல்ல. மின்சாரமும் பாலும், போதாக்குறைக்குக் கரண்டியும்தான்.

கடை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மொரிஷியஸ் வங்கியின் கோபுரம் நிற்கும் சர் வில்லியம் நியூட்டன் தெருவை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் உள்முற்றத்தில், முன்பு நகல் எடுக்கும் கடை இருந்த அறை. நான்கு பேர் உள்ளே நின்றால் ஐந்தாமவர் முற்றத்தில் நிற்க வேண்டியதுதான். தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நுழைவாயில் பலகையில் வழக்கறிஞர்கள், கணக்காளர்கள் பெயர்களுக்கு நடுவே எங்கள் பெயரும் அதே அளவில் இருக்கும். தனியாகப் பெரிய பலகை வைக்கக் கட்டட உரிமையாளர் சம்மதிக்கவில்லை.

இப்படி மறைந்து கிடக்கும் இடத்தில் யார் வருவார்கள் என்று உறவினர்கள் கேட்காத நாள் இல்லை. இந்த ஊரின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் கவலை பாதி குறையும். அலுவலகம் விட்டதும் கூட்டம் முழுவதும் பேருந்தும் மெட்ரோ ரயிலும் கிடைக்கும் விக்டோரியா நிலையத்துக்கு நடந்துவிடும். கியூர்பிப் நகரம் வரை மெட்ரோ நீண்ட 2022க்குப் பிறகு அந்த நடை இன்னும் வேகமாகிவிட்டது. இருட்டுவதற்குள் இந்தத் தெருக்களில் ஆள் இருக்காது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கேட்கவே வேண்டாம். ஆகவே இங்கே வியாபாரம் என்பது மதிய இடைவேளை மட்டுமே. அந்த நேரத்தில் வருகிறவர்கள் வழிப்போக்கர்களும் அல்லர், தினமும் அதே அலுவலக நாற்காலிகளில் உட்காருகிறவர்கள். ஒரு மாடியில் ஒருவருக்குப் பிடித்துவிட்டால் மாடி முழுவதும் இறங்கி வரும். தெருமுனை வாடகையை அவர்களுக்காகக் கொடுப்பது வீண்.

பதிவு என் நாத்தனார் பெயரில். ஜூல்ஸ் கோனிக் தெருவில் ஒன் கதீட்ரல் ஸ்குவேர் கட்டடத்தில் இருக்கும் நிறுவன மற்றும் வணிகப் பதிவுத் துறையில் வணிகப் பதிவு எண் வாங்கினோம். அந்த எண் உள்ள அட்டையைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும். அடுத்தது மாநகராட்சியின் கட்டட, நிலப் பயன்பாட்டு அனுமதி. 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் வருவது இது. நகலகம் நடந்த அறையில் உணவு விற்பது வேறு பயன்பாடு. பழைய வாடகைதாரரின் தாளைக் காட்டித் தப்ப முடியாது. எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே, இந்த அறையில் உணவு தயாரிக்கலாம் என்று உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாக 'பெனா ப்ரோப்ளெம்' (ஒரு சிக்கலும் இல்லை) என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் வேறொன்றை எழுதிவைத்திருப்பார்கள்.

உணவைக் கையாளுகிறவர்களுக்கான சுகாதாரத் துறைச் சான்றிதழை நாங்கள் இருவருமே பெற்றோம். மருத்துவப் பரிசோதனை, பிறகு வகுப்பு. வகுப்பு இங்கத்திய பேச்சுமொழியான கிரியோலில் நடந்தது. நாத்தனார் என் காதருகே பிரெஞ்சும் தமிழும் கலந்து விளக்கிக்கொண்டே இருந்தாள். கடையைப் பார்க்க வந்த ஆய்வாளர், நாங்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்த மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, தரையும் சுவரும் சேரும் மூலையில் விரலை ஓட்டினார். குளிர்பெட்டிக்குள் வெப்பமானி எங்கே என்றார். கை கழுவ ஒரு தொட்டி, பாத்திரம் கழுவ வேறு தொட்டி இருக்கிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தார். நல்ல மனிதர், பார்க்க வேண்டியதை மட்டும் பார்த்தார்.

இனி மின்சாரம். மென்மையாகப் பிழியும் யோகர்ட் இயந்திரங்களில், இரண்டு சுவையும் நடுவில் கலந்த சுவையும் தரும் பெரிய வகை பலவற்றுக்கு மும்முனை இணைப்பு வேண்டும். எங்கள் அறைக்கு வந்ததோ ஒருமுனை இணைப்பு. குளிர்சாதன வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் இங்கே ஒப்பந்தத்தில் இருக்கிறார். அவரை அழைத்துப்போனபோது விலைப்பட்டியலைக் கையில்கூட வாங்கவில்லை. "அக்கா, மெஷினை வாங்கி இறக்கிய பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் முதலில் மீட்டர் பெட்டியைக் காட்டுங்கள்" என்றார். ஒரே சுவை தரும், ஒருமுனையில் ஓடும் சிறிய இயந்திரத்தை வாங்கியது அவர் சொல்லித்தான். சுவையைத் தினம் மாற்றிக்கொள்கிறோம். அதுவே வாடிக்கையாளர்களுக்கு ஓர் எதிர்பார்ப்பாகிவிட்டது.

அடுத்து அவர் கேட்டது ஊதுபத்தி. காற்றால் குளிரும் வகை இயந்திரம், உள்ளே இருக்கும் கலவையின் வெப்பத்தை எடுத்து அறைக்குள் ஊதிவிடுகிறது. அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் கம்ப்ரஸர் தான் விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சித் திணறி நின்றுவிடும். போர்ட் லூயிஸ் மலைகள் சூழ்ந்த ஊர். ஜனவரியில் முற்றத்துக்குள் இலை அசையாது. ஊதுபத்தியைக் கொளுத்தி, இயந்திரம் நிற்கவேண்டிய மூலையில் பிடித்தபடி புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். புகை நேராக மேலே போய்க் கூரையடியில் தேங்கியது. முற்றத்தைப் பார்த்த சன்னலின் மேல்பாதியைக் கழற்றி, வெளியேற்றும் மின்விசிறி பொருத்தி, இயந்திரத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்த பிறகுதான் புகை ஒழுங்காக வெளியே போயிற்று. கடையில் இன்னும் ஒருவர் நிற்கும் இடம் அதில் போனது. போகட்டும்.

பாலுக்கு வருவோம். இந்தத் தீவு குடிக்கும் பாலில் மிகப் பெரும்பங்கு இறக்குமதி, அதுவும் பால்பொடியாக. மாட்டுப்பாலைத் தேடி அலைவதை விட்டுவிட்டுப் பொடியிலேயே தயிர் தோய்ப்பது என்று முடிவெடுத்தோம். பொடியில் ஒரு வசதி உண்டு: கெட்டிக்குத் தக்கபடி கூட்டலாம். பாலில் திடப்பொருள் குறைந்தால் நீர் தனியே உறைந்து நாக்கில் மணல்போல் நெறுநெறுக்கும். கொழுப்பு நீக்கிய பொடியைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தால் அந்தத் தொல்லை அடங்கும். 85 டிகிரியில் அரைமணி நேரம் காய்ச்சி, 43க்கு இறக்கி, உறை ஊற்றி, புளிப்பு ஏறியதும் உடனே 4 டிகிரிக்குக் குளிர்விக்கிறோம். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். இனிப்புக்காக மட்டும் அது சேருவதில்லை. உறைநிலையைத் தாழ்த்துவதும் அதுதான். அளவுக்கு மீறிக் குறைத்தால் இயந்திரத்துக்குள் கலவை கல்லாகி, உள்ளே சுழலும் துடுப்பு நின்றுவிடும். புளிப்பைக் கொஞ்சம் கூட்டித்தான் அவர்களைச் சமாளிக்கிறேன். மேலே ஊற்றும் பாகுக்கு இங்கேயே தயாராகும், சுத்திகரிக்காத மஸ்கோவாடோ சர்க்கரை. கருப்பட்டி வாசம் அறிந்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஊர் வாசம்.

அன்னாசியைப் பச்சையாகக் கலக்காதீர்கள். இங்கத்திய விக்டோரியா அன்னாசி எவ்வளவு இனித்தாலும், அதிலுள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் அந்தக் குணம் போய்விடும். லிச்சிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் உரித்து அப்படியே போடலாம்.

கெட்டித்தன்மைக்குப் பலர் ஜெலட்டின் சேர்ப்பார்கள். இங்கே அது நடக்காது. தைப்பூசக் காவடிக்கு முன் விரதம், புரட்டாசியில் கோவிந்தன் விரதம் என்று தமிழர் பாதிப்பேர் அசைவம் தொடாத நாட்கள் உண்டு. முஸ்லிம் வாடிக்கையாளர்களும் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று கேட்பார்கள். கொத்தவரை விதைப் பசையைப் போட்டோம். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத எங்களுக்கு அதுவே விளம்பரமானது. போட்டி என்று சொன்னால் மத்திய சந்தையின் அலூதா பானம்தான். பால், கடல்பாசி, சப்ஜா விதையோடு 'அலூதா பிள்ளை' கடையில் நிற்கும் கூட்டத்தை எந்த யோகர்ட்டும் கலைக்க முடியாது. கலைக்க ஆசையும் இல்லை, நானே அங்கே நிற்பவள்.

கரண்டிக்கு வருகிறேன். 2021 ஜனவரி 15 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, மூடி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்கு இங்கே தடை. கோப்பை வாங்கப் போன மொத்த வியாபாரியிடம் எல்லாப் பெட்டியிலும் 'மக்கும்' என்று பச்சை இலை படம் போட்டிருந்தது. இலையை நம்பாதீர்கள். கோப்பையின் உட்பூச்சு எதனால் ஆனது, இறக்குமதி செய்தவரிடம் அதற்குரிய அனுமதித் தாள் இருக்கிறதா என்று கேட்டு, நகலைக் கையோடு வாங்குங்கள். ஒருவர் தாளை நாளை தருகிறேன், நாளை தருகிறேன் என்று இழுத்தார். வேறு இடம் பார்த்தோம். மரக்கரண்டியிலும் தரம் பார்க்க வேண்டும். சிறுவயதில் கப் ஐஸோடு கொடுத்த தட்டைக் குச்சிபோன்றது நாக்கில் ஒட்டி உலர்த்தும், புளித்த யோகர்ட்டோடு சேர்ந்தால் மரவாடைதான் முந்தும். சற்றுத் தடித்த, விளிம்பு வழவழப்பான, குழிவுள்ள கரண்டி விலை கூடுதல். அதைத்தான் வாங்குகிறோம். எடைபோட்டு விற்க எண்ணியிருந்தோம். வணிகத் தராசு அரசு முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும், மேலும் மதிய அவசரத்தில் ஒவ்வொரு கோப்பையாக நிறுக்க நேரமும் இல்லை. இரண்டு அளவுக் கோப்பைகளோடு நின்றுவிட்டோம். பணம் பெரும்பாலும் கைப்பேசியில் ஜூஸ் என்ற வங்கிச் செயலி வழியே வந்துவிடுகிறது.

கடை மூடிய பிறகுதான் உண்மையான வேலை. இயந்திரத்தின் முன்கதவைக் கழற்றி, துடுப்பை உருவி, ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் நெம்பி எடுத்துக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, உணவுக்கு ஏற்ற மசகு தடவித் திரும்பப் பொருத்த வேண்டும். ஒரு வளையம் மடங்கினாலும் மறுநாள் கதவோரம் சொட்டும். ஆளை வைத்துச் செய்தால் போகிறது என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வராமல் இருப்பது நல்லது.

இந்த ஊரில் தரைத்தளத்தில் கடை எடுக்கிறவர்கள் தண்ணீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2013 மார்ச் 30 வெள்ளத்தில் போர்ட் லூயிஸில் 11 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 15இல் பெலால் புயலின்போது கார்கள் தெருவில் மிதந்தன. எங்கள் அறைக்கு முற்றத்திலிருந்து மூன்று படி ஏற வேண்டும், அந்தப் படிகளுக்காகவே இதைத் தேர்ந்தோம். புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்கு வந்ததும் இயந்திரத்தைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். அன்றைய தயிர் மோராகிக் கட்டடக் காவலாளிகளுக்குப் போகும். காப்பீடு எடுக்கும்போது புயல் என்ற சொல்லைப் பார்த்துத் திருப்தி அடையாமல், வெள்ளம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். எங்களுக்கு வந்த முதல் வரைவில் இல்லை. கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருந்தது.