கௌரி மாமிக்கு ஒரு முகவரி: ௌ சிக்கல் தீர்ந்தது

கௌரி மாமியின் பெயரை யார் எந்த விசைப்பலகையில் தட்டினாலும் இப்போது மாமியின் பக்கம் திறக்கிறது. இதை எழுதும்போது எனக்குப் பெரிய சந்தோஷம்.

எங்கள் கல்லடி வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியில், குடும்பத்தாரின் இணையப் பெயர்களையும் முகவரிகளையும் கவனிக்கும் இந்த ஏற்பாடு ஓடுகிறது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், சிம் மாறினாலும் கம்பனி மாறினாலும் அவை மாறக் கூடாது. இதற்காகத்தான் இவ்வளவும்.

முகவரி வேலை சீக்கிரம் முடிந்தது. எங்கள் ரவுட்டரின் வெளி முகவரி 100.64 என்று தொடங்குகிறது, அதாவது கம்பனி பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது, ஆகவே வெளியிலிருந்து நேரே உள்ளே வர வழியில்லை. அதனால் சிங்கப்பூரில் ஒரு சின்ன வாடகைச் சேர்வர், அதுவரை வயர்கார்ட் என்ற மறையாக்கச் சுரங்கப்பாதை, வழி மூடிவிடாமலிருக்க 25 வினாடிக்கொருமுறை ஒரு சின்னச் செய்தி (கீப்அலைவ்). உள்ளே எஃப்டி (fd) என்று தொடங்கும் ஐபிவி6, அதாவது நமக்குள் மட்டும் பயன்படும் புதிய வகை முகவரிகள். தற்செயலாக 40 பிட் எடுத்துக்கொண்டால் ஒரு /48 (பெரிய முகவரித் தொகுதி) கைக்கு வரும், அதற்குள் 65,536 /64 (சின்னத் தொகுதிகள்) இருக்கின்றன. ஆளுக்கொரு /64 கொடுத்துவிட்டேன். அவரவர் ஃபோனும் டெப்பும் அவரவர் /64-க்குள். இதனால் கேட்பவர் யார் என்பது முகவரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த வசதி பிறகு பெயர் வைக்கும்போது கைகொடுத்தது.

எனக்கு மாமி, மச்சாளுக்கு அம்மா, என் அம்மாவுக்கு மச்சாள். மூன்றும் ஒரே ஆள். உறவுமுறையில்தான் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிறோம், பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் மட்டும் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்? பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் ஆளுக்கொரு வியூ வைத்தேன், அதாவது கேட்பவரின் முகவரியைப் பார்த்து அவருக்கென்று உள்ள பெயர்ப் பட்டியலிலிருந்து பதில் சொல்லும். நான் 'மாமி' என்று கேட்டாலும் மச்சாள் 'அம்மா' என்று கேட்டாலும் ஒரே முகவரிதான் பதிலாக வரும். முதலில் பொருந்தும் வியூவே பதில் சொல்லும் என்பதால் பொது வியூவைக் கடைசியில் போட வேண்டும்.

வெளியில் எல்லோருக்கும் பொதுவான பெயர், எங்கள் .இலங்கை டொமைனுக்குக் கீழே ஆளின் சொந்தப் பெயர். இந்த இடத்தில்தான் ௌ என்னைப் படுத்தியது.

'கௌரி' என்பதில் ௌ ஒரே குறியீடு. ஆனால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவர்களின் கை முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு ள என்றுதான் போகும். அப்படி வருவது 'கெளரி'. திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், டிஎன்எஸ்ஸுக்காக ஆங்கில எழுத்துகளாக, அதாவது பியூனிகோடாக, மாறும்போது இரண்டும் வேறு வேறு பெயர்கள். கொ, கோ போன்றவற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று தட்டினாலும் உலாவி சேர்த்துவிடுகிறது, யூனிகோட் ஒழுங்குபடுத்தலில் அதற்கு விதி உண்டு. ௌ-வுக்கும் விதி இருக்கிறது, ஆனால் அது பின்பாதிக்கென்றே உள்ள தனிக் குறியீட்டுக்குத்தான். ள என்ற எழுத்தை அது தொடாது.

கண்ணை மூடிக்கொண்டு எல்லா 'ெள'-வையும் மாற்றினால் வெள்ளியும் தெளிவும் சிதைந்துபோகும். ஆகவே நான் எழுதிய ஸ்கிரிப்டில் (சின்ன நிரலில்) ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடுவதில்லை, அடுத்த எழுத்தோ சொல்லின் முடிவோ வந்தால் அது ௌ. ஆட்பெயர்களுக்கு இந்த விதி போதும். கௌரி, கௌசல்யா, சௌந்தரி எல்லாம் சரியாக வந்தன. கல்முனை நண்பரின் வாப்பா ஒரு மௌலவி, அந்தப் பட்டமும் சரியாக விழுந்தது. ஸ்ரீ இன்னொரு தலைவலி. ஶ என்ற எழுத்து 2005-இல்தான் யூனிகோடில் சேர்ந்தது, அதனால் ஸ போட்ட ஸ்ரீயும் ஶ போட்ட ஶ்ரீயும் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. என் ஸ்கிரிப்ட் ஒரு பெயருக்கு வரக்கூடிய எல்லா வடிவங்களையும் உண்டாக்கி, எல்லாவற்றையும் ஒரே முகவரிக்கு, டிஎன்எஸ்ஸின் பெயர்ப் பட்டியலான ஸோன் கோப்பில் எழுதிவிடுகிறது.

தமிழில் டொமைன் வாங்கப் போகிறவர்கள் ௌ, ஔ, ஸ்ரீ இல்லாத பெயராக எடுங்கள். டொமைனுக்குக் கீழே வரும் பெயர்களை நாமே எத்தனையும் உண்டாக்கலாம், டொமைனின் மாற்று வடிவம் ஒவ்வொன்றையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

 

அடுத்து இக்ட்ராசில் (Yggdrasil), கணினிகளைத் தங்களுக்குள் நேரே இணைக்கும் ஒரு வலையமைப்பு. அதில் 200::/7 என்ற தொகுதிக்குள் வரும் முகவரி நம் மறையாக்கச் சாவியிலிருந்தே பிறக்கிறது, யாரிடமும் வாடகைக்கு வாங்க வேண்டாம். கல்முனை வீட்டையும் எங்கள் வீட்டையும் முதலில் அப்படி இணைத்துப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன் அம்மாவின் வியூவை எழுத வேண்டும், அவரவர் என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்ற பட்டியலை மச்சாள் இன்னும் அனுப்பவில்லை.