25 ஓம்

நமது பௌதிகவியல் சேர் காலமான செய்தி வந்த நாளிலிருந்து, அவருடைய பிரம்பைப் பற்றியும், தகரக் கூரையில் மழை இரையும்போதும் கடைசி வாங்குவரை கேட்ட அவருடைய குரலைப் பற்றியும் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கதை எழுதி வருகிறார்கள். மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, கணினி அறை திறக்கப்பட்ட வாரத்தைப் பற்றி மட்டும் எழுதுவதென்று தீர்மானித்தேன். அந்த வாரம் அவர் பட்ட அவமானத்தை இதுவரை யாரும் எழுதவில்லை.

1990களின் பிற்பகுதி அது. நம்மில் பலருடைய லயங்களுக்கு மின்சாரம் எட்டியிராத அக்காலத்தில், குப்பி விளக்கில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கென்று நன்கொடையாளர் ஒருவர் கணினிகளை அனுப்பிவைத்தார். அவற்றை வலையமைப்பாக இணைக்கக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். இன்று எங்கும் காணப்படும் நான்கு முறுக்கிய சோடிகள் கொண்ட வடமல்ல அது. ஆர்ஜி-58 என்னும் மெல்லிய கறுப்பு ஓரச்சு வடம்; நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெளிப்பின்னல். ஒரே வடம் சுவரோரமாக ஓட, ஒவ்வொரு கணினியும் ஒரு டி வடிவ இணைப்பியால் அதில் தொற்றிக்கொள்ளும். வேகம் செக்கனுக்கு 10 மெகாபிட். ஒரு துண்டின் நீளம் 185 மீற்றரைத் தாண்டக் கூடாது. இரு முனைகளிலும் 50 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு) டெர்மினேட்டர், அதாவது முனையை அடைக்கும் தடை, கட்டாயம் இருக்க வேண்டும்.

கணினிகள் பேசிக்கொள்ளவில்லை. நிறுவனத்தார் கணினிகளின் வலையமைப்பு அட்டைகளைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், மென்பொருளைக் குறை சொன்னார்கள். சேர் ஒரு டி இணைப்பியைக் கணினியிலிருந்து கழற்றி, அதன் நடுக் கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே மின்தடையை அளக்கும் ஆய்வுகூடப் பல்மானியை வைத்தார். இரு முனைகளிலும் 50 ஓம் இருந்தால், அவை சமாந்தரமாக இணைந்து 25 ஓம் காட்ட வேண்டும். முள் 50இல் நின்றது. "ஒரு முனையில டெர்மினேட்டர் இல்லை, தம்பி" என்றார். நிறுவனத்திலிருந்து வந்த இளைஞரோ, எங்கள் முன்னிலையிலேயே, "மாஸ்டர் கரும்பலகையப் பாருங்க, இத எங்ககிட்ட விடுங்க" என்று சொல்லிவிட்டு, புதிய அட்டைகள் எடுத்து வருவதாகக் கொழும்புக்குப் புறப்பட்டார். சேர் பதில் பேசவில்லை. அவருடைய காது மடல்கள் சிவந்ததை முன்வரிசையில் இருந்த நாங்கள் பார்த்தோம். பிரம்புக்கு அஞ்சிய எங்களுக்கு அந்தக் காட்சி அதைவிட அச்சமாக இருந்தது.

அடுத்த பாடவேளையில் அவர் கயிறொன்றை ஜன்னல் கம்பியில் கட்டி உதறினார். ஓடிய அலை கம்பியில் மோதித் தலைகீழாகத் திரும்பி வந்தது. திறந்து விடப்பட்ட வடத்தின் முனையிலும் சமிக்ஞை இவ்வாறே திரும்பும் என்றும், அங்கே அது தலைகீழாகாது என்பதே வேறுபாடு என்றும், திரும்பிய சமிக்ஞை பின்னால் வருவதோடு கலந்து இரண்டையும் கெடுக்கும் என்றும் விளக்கினார். வடத்தின் இயல்புத் தடங்கலுக்கு, அதாவது ஓடும் சமிக்ஞைக்கு வடம் காட்டும் எதிர்ப்புக்கு (இந்த வடத்தில் 50 ஓம்), சமமான தடையை முனையில் வைத்தால், சமிக்ஞை அதற்குள் வெப்பமாகி அடங்கிவிடும்.

பிறகு என்னை டவுனில் இருந்த ரேடியோ கடைக்கு அனுப்பினார். கபிலம், கறுப்பு, கபிலம் என்று வளையமிட்ட இரண்டு 100 ஓம் தடைகளை வாங்கி வந்தேன். அவற்றைச் சமாந்தரமாக முறுக்கி, பழைய இணைப்பி ஒன்றுக்குள் பற்றாசு வைத்துப் பொருத்தினார். அதை வடத்தின் வெறும் முனையில் மாட்டியதும் பல்மானி 25 காட்டியது. கணினிகளும் பேசத் தொடங்கின.

திறப்பு விழாவில் பொன்னாடை நிறுவனத்தாருக்குப் போர்த்தப்பட்டது. சேர் வாசலில் நின்று நம்முடைய வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்கு இன்றும் ஆறாத இந்த விஷயம் அவரை வருத்தியதா என்பதைக் கேட்கும் துணிவு நமக்கு எங்கே இருந்தது?

இப்போது கனடாவில் தரவு மையங்களுக்கு வடம் பதிப்பது என் தொழில். வடத்துக்குள் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு, பழுது எத்தனையாவது மீற்றரில் உள்ளதென்று சொல்லும் கருவி என் பையில் இருக்கிறது. அவர் ஒழிக்கப் பாடுபட்ட எதிரொலியையே நாங்கள் துப்பறிய ஏவுகிறோம் என்று சொன்னால் சேர் எவ்வளவு ரசித்திருப்பார்! ஊருக்குப் போன போதெல்லாம் கல்யாண வீடு, கோயில் திருவிழா, காணி அலுவல் என்று அவரைப் பார்க்காமலே நாட்கள் ஓடிவிட்டன. படிப்பு முடிந்ததும் நம் பாடசாலைக்கே வந்து படிப்பிக்க வேண்டும் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்ததும், அந்தப் படியேறத் தயங்கியதற்கு ஒரு காரணம்தான்.

சேர் நினைவாகப் புதிய கணினி அறைக்குப் பணம் சேர்ப்பதாகச் சங்கம் அறிவித்துள்ளது. பழைய கட்டடத்திலிருந்து மேல் மைதானத்துக் கட்டடத்துக்குச் செப்பு வடம் இழுக்க வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி நம் மலையில் எப்படி விழும் என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது. ஆகவே இரு கட்டடங்களுக்கும் இடையே ஒளியிழையே போடப்பட வேண்டும். அதற்கான செலவில் என் பங்கைத் தருகிறேன், பதிக்கும் வேலைக்கும் நானே வருகிறேன். திகதியை மட்டும் பாடசாலை விடுமுறைக்குள் வையுங்கள்.