ஒரு ரோட்டார் பாரைத் துளைத்துவிட்டு மூன்று வாரம் தேடியது

கிடைத்துவிட்டது! மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில், உடைந்த ரோட்டார் பாரின் (சுழலும் பகுதிக்குள் இருக்கும் உலோகக் கம்பி) அடையாளம்: 3.6 ஹெர்ட்ஸில், ஊசி நட்டு வைத்தது போல ஒரு முனை.

பழைய 1 ஹெச்பி த்ரீ பேஸ் மோட்டாரைப் பிரித்து, எண்ட் ரிங்கை (பார்களின் நுனிகளை இணைக்கும் வளையம்) ஒட்டி ஒரு பாரை ட்ரில் போட்டுத் துண்டித்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் சுமையே இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன், அது சுத்த முட்டாள்தனம். பார் உடைந்தால் 50 ஹெர்ட்ஸ் சப்ளைக்கு இருபுறமும் சைட்பேண்ட் என்ற சின்ன முனைகள் வரும்; வேகம் 1500-இலிருந்து எவ்வளவு குறைகிறதோ (அதுதான் ஸ்லிப்) அதற்கேற்பத் தள்ளி நிற்கும். 1496 ஆர்பிஎம்மில் சைட்பேண்ட் 50 ஹெர்ட்ஸிலிருந்து கால் ஹெர்ட்ஸ்தான் தள்ளி நிற்கும். சரி என்று கயிறு பிரேக் கட்டி 1446-க்கு இறக்கினேன். 46.4, 53.6 இரண்டிலும் ஏதாவது முளைக்க வேண்டுமே? 50-ஐச் சுற்றி அகலமான மண்மேடு ஒன்றுதான் தெரிந்தது.

மேட்டுக்குப் பாதிக் காரணம், அளவெடுக்க வைத்திருந்த இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர். வைஃபை ஓடும்போது என் லூப் சாம்பிள் எடுக்கும் நேரம் முன்னே பின்னே ஆடியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு யூஎஸ்பி சவுண்ட் கார்டின் லைன் இன்னில் கிளாம்ப் சிடியை (வயரைச் சுற்றி மாட்டும் கரண்ட் சென்சார்) கொடுத்தேன். டிசி போகாது, ஆனால் இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. சிடி விஷயத்தில் ஒரு புலம்பல்: 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் என்று போட்டு விற்றார்கள், உள்ளே பர்டன் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை வோல்ட்டாக மாற்றுவது) இருந்தது. 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் வகை! வாங்கியதும் மீட்டர் வைத்துப் பாருங்கள். மோட்டார் இழுப்பது 2 ஆம்பியருக்குள் என்பதால் வயரைப் பத்துச் சுற்று உள்ளே விட்டேன்.

அப்புறமும் மேடு முழுசாகப் போகவில்லை. ஹான் விண்டோ (பதிவின் இரு ஓரத்தையும் மெல்லத் தணிப்பது) போட்டு 60 விநாடி எடுத்தால் 20 விநாடியைவிட மோசம். சப்ளை அதிர்வெண்ணே அதற்குள் நகர்ந்துவிடுகிறது. இரண்டு ராத்திரி இதிலேயே போனது. கடைசியில் 50-ஐ விட்டே ஓடிவிடலாம் என்று தோன்றியது. 35 முதல் 65 வரை வடிகட்டி, ஹில்பர்ட் என்ற கணக்கைப் போட்டு, என்வலப்பை (அலையின் உயரம் ஏறி இறங்கும் கோடு) மட்டும் எடுத்து, சராசரியைக் கழித்து எஃப்எஃப்டி (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரிக்கும் கணக்கு). 50 ஹெர்ட்ஸ் மலை பூஜ்யத்தில் போய் அடங்கிவிட்டது. இரண்டு சைட்பேண்டும் ஒன்றாக மடிந்து 3.6-இல் வந்து நின்றன. ஹில்பர்ட் இரு முனையிலும் உளறும், ஒவ்வொரு விநாடி வெட்டிவிடுங்கள்.

நம்பாமல் பிரேக்கைத் தளர்த்தி 1470-க்கு விட்டேன். முனை அப்படியே 2 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்தது, உயரமும் குறைந்தது. பதிவுக்கு முன் கால் மணி நேரம் சூடாக விட வேண்டும். ரோட்டார் சூடேற ஏற ஸ்லிப் கூடி முனையைத் தேய்த்துவிடும்.

அடுத்து இதையே இன்வெர்ட்டர் டிரைவில் பார்க்க ஆசை, டிசி லிங்க் கபாசிட்டரின் (டிரைவுக்குள் டிசியைத் தேக்கும் கபாசிட்டர்) ரிப்பிளும், அதாவது வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் சேர்த்து. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தலைவலி. நல்ல ரோட்டாரிலும் சின்ன முனை இருக்கும், அதோடு ஒப்பிட வேண்டும். துளைப்பதற்கு முன் நான் எடுத்த பதிவுகளெல்லாம் அந்த இஎஸ்பி32-இல் எடுத்தவை, ஒப்பிட உதவாது. இதே மாடலில் துளை போடாத ரோட்டார் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.