எனக்கும் தாயாகிய அவனுடைய தாய்

வேதாகமத்தில், அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 16ஆம் அதிகாரத்தை வெறும் பெயர்ப்பட்டியல் என்று எண்ணிப் பல ஆண்டுகள் வேகமாகக் கடந்து வந்திருக்கிறேன். இன்று காலை 13ஆம் வசனத்தில் கண் நின்றுவிட்டது. ரூபு என்பவரையும், "எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும்" வாழ்த்துங்கள் என்கிறார் பவுல். அந்த அம்மாவின் பெயர்கூட அங்கே இல்லை. ஆனால் ஊர் ஊராக அலைந்த அப்போஸ்தலரை ஏதோ ஒரு காலத்தில் அவர் தம் மகனைப்போலவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு "எனக்கும்" என்ற அந்த ஒரு சொல்லே சாட்சி.

ஆவிக்குரிய குடும்பம் என்பதை நாம் பெரும்பாலும் மரியாதைக்கான அழைப்புச் சொல்லாகச் சுருக்கிவிடுகிறோம். இயேசுவோ, தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவர்களே தமக்குச் சகோதரரும் சகோதரிகளும் தாயும் என்று சொன்னபோது (மாற்கு 3:35), உறவின் அடிப்படையையே மாற்றினார். அதற்காகப் பெற்றவளை அவர் தள்ளிவிடவில்லை. சிலுவையில் தொங்கிய வேளையிலும் மரியாளைத் தம் அன்பான சீஷனிடம் ஒப்படைத்தார்.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில், இயேசுவுக்காக ஒருவர் விட்டுவந்தவற்றின் வரிசையில் தகப்பன் உண்டு. அதற்குப் பதிலாக நூறத்தனையாய் (நூறு மடங்காய்) பெறுகிறவற்றில் சகோதரரும் தாய்களும் பிள்ளைகளும் இருக்க, தகப்பன் இல்லை. அந்த இடம் பரமபிதாவுக்கே உரியது என்றே நான் வாசிக்கிறேன்.

எங்கள் ஆராதனையில் கடைசி வரிசையில் தனியே அமர்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் சத்தமின்றி எழுந்துபோகும் முதிய அம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயரை நான் இதுவரை கேட்டதில்லை. நாளை கேட்கப்போகிறேன்.