ஒரு வாளித் தண்ணி

"தம்பி, ஒரு வாளி விட்டா தானா இறங்கும்."

"விட ஏலாது அண்ணே. கியூப் விழும்."

திருகோணமலை உப்புவெளியில் தூணும் பீமும் சேருமிடத்தில் கொங்கிரீட் போடும்போது மேசனுக்கும் ரி.ஓ.வுக்கும் (வேலையை மேற்பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்) நடந்த பேச்சு இவ்வளவுதான். ரி.ஓ. சொன்னதுதான் சரி: தண்ணி கூடினால், பலம் பார்க்க வார்த்து நசுக்கும் கியூப் கட்டி சோதனையில் தோற்கும். 50 கிலோ சீமெந்துப் பைக்கு 25 லீற்றர் என்றால் தண்ணி-சீமெந்து விகிதம் 0.5, அதில் 10 லீற்றர் வாளி ஒன்றைக் கூட்டினால் 0.7. கலவை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த பிறகு உள்ளே நுண்துளைகள் மிஞ்சும். கடற்காற்றின் உப்பு அவற்றின் வழியேதான் கம்பிக்குப் போகும்.

ஆனால் மேசன் கேட்டது சோம்பலில் அல்ல. அந்த மூட்டுக்குள், கலவையை அதிர்த்து இறுக்கும் 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசி நுழையவே இல்லை. 20 மி.மீ. கல்லுக்குக் கம்பிகளுக்கிடையே 25 மி.மீ. ஆவது வேண்டும், அங்கே விரல் போகவில்லை. பீமின் மேல்கம்பிகளை நடு ஸ்பானில், அதாவது இரு தூண்களுக்கும் நடுவே, ஒட்டுப்போட வேண்டும் (இரு கம்பிகளின் முனைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டுவதுதான் ஒட்டு). கம்பி நீளம் தூணுக்கு மேலேயே முடிந்ததால், வெட்டி வீணாக்க மனமில்லாமல் கம்பிக்காரர் எல்லாவற்றையும் அங்கேயே ஒட்டிவிட்டார். முதல்நாள் கம்பி பார்த்துக் கையெழுத்து வைத்தவர் அதே ரி.ஓ. எண்ணிக்கையும் விட்டமும் வரைபடத்தோடு ஒத்துத்தான் இருந்தன.

மேசனுக்கு எதற்கும் தண்ணிதான் மருந்து என்று ரி.ஓ. நினைக்கிறார். ரி.ஓ.வுக்குத் தாள் மட்டும்தான் தெரியும் என்று மேசன். இரண்டுமே அநியாயம் என்று எழுத வந்தேன். எழுதும்போது இரண்டிலும் கொஞ்சம் உண்மை தெரிகிறது. (மிக்சர்காரரை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. மார்கழி மழையில் நனைந்த 80 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றாலே 4 லீற்றர். கையில் பிடித்துப் பார்த்து அதைக் கழிப்பவர் அவர் ஒருவர்தான்.)

10 மி.மீ. கல்லும் 25 மி.மீ. ஊசியும் இருந்திருந்தால் வாளிப் பேச்சே வந்திராது. முதல்நாளே கேட்டிருக்க வேண்டியவை. யார் கேட்பது? ரி.ஓ. என்பேன். ஆனால் அந்த நெருக்கத்தை முதலில் கையால் உணர்ந்தவர் கம்பிக்காரர்.

வாளி விடவில்லை. பலகை கழற்றியபோது மூட்டின் அடியில் கல் தேன்கூடு மாதிரித் தெரிந்தது. மேசன் ரி.ஓ.வைப் பார்த்தார், ரி.ஓ. மேசனைப் பார்த்தார். கம்பிக்காரர் அதற்குள் நிலாவெளியில் வேறு வேலைக்குப் போயிருந்தார்.