வெயில் ஏறினால்தான் வேலை

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவிதான் ப்ராஜெக்ட். அதற்கு மூளையாக ஓர் ஆர்டுயினோ போர்டு வேண்டும், ப்ரோகிராம் ஏற்றிக் கருவிகளை இயக்கும் சின்ன எலெக்ட்ரானிக் பலகை. அதைக் கடையில் வாங்கினால் மார்க் குறையும் என்று யாரோ கிளப்பிவிட, அதையும் வீட்டிலேயே செய்ய இறங்கிவிட்டான். செய்வதில் தப்பில்லை. 2005-இல் இத்தாலியில் அதை உருவாக்கியவர்கள் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. இவன் பெயரே வைக்கவில்லை. அக்காதான் "அந்தச் சனியன்" என்று வைத்தாள்.

ப்ரோகிராமை ஓட்டும் 28 கால் அட்மெகா 328பி சிப், அதற்குத் துடிப்புக் கொடுக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதற்கு இரண்டு 22 பிகோபாரட் கெப்பாசிட்டர், ரீசெட் காலுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர். எல்லாவற்றையும் டாட் போர்டில், அதாவது வரிசையாய் ஓட்டை போட்ட பலகையில், பற்றவைத்திருந்தான். முதலில் ப்ரோகிராம் ஏறவில்லை. 'நாட் இன் சிங்க்' என்றே கம்ப்யூட்டர் புலம்பியது. அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் குறுக்கே போகவேண்டும், இவன் நேராகக் கொடுத்திருந்தான். மாற்றினான், ரீசெட்டுக்கு ஒரு 0.1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்தான், ஏறிவிட்டது. எல்இடி கண் சிமிட்டியது. வீடே கைதட்டியது.

அன்று ராத்திரி போன். "மாமா, செத்துப்போச்சு."

எனக்கு மண்டபம் ஊரில் கடை. விசைப்படகுக்காரர்கள் கடல் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரும் வாக்கிடாக்கியும் பார்ப்பவன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி, பாலம் தாண்டி பாம்பன் போய்ப் பார்த்தால் சனியன் ஜம்மென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ராத்திரி மறுபடி போன். மறுபடி மத்தியானம் போனேன், மறுபடி சிமிட்டல். டாக்டர் வாசலில் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளை கதைதான். மாப்ளே சிப்பை மாற்றினான், அடாப்டரை மாற்றினான். அக்கா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள்.

கடைசியில் ஒரு ராத்திரி அங்கேயே தங்கினேன். அன்றைக்கு வாடைக் காற்று. செத்துக் கிடந்த போர்டில் மல்டிமீட்டரை வைத்தேன். சிப்புக்குக் கரண்ட் நுழையும் 7-ஆம் காலிலும் 20-ஆம் காலிலும் 5 வோல்ட் வருகிறது. ரீசெட்டும் சரி. உயிர் இருக்கிறது, துடிப்பு இல்லை. கிரிஸ்டல் ஓடவில்லை என்று நான் முனகிக்கொண்டிருந்தபோது, மொட்டை மாடியிலிருந்து கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிய அக்கா நின்றாள்.

"ஏண்டா, பகல்ல மொறமொறன்னு காயுற கருவாடு ராத்திரியில நசநசன்னு ஆகுதுல்ல? அந்தச் சனியனும் வெயில் ஏறினாத்தான் வேலை செய்யுது."

நானும் மாப்ளேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உப்பின் குணம் அது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடலோரத்தில் ராத்திரி அந்த அளவைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. பற்றவைத்த பேஸ்ட்டை மாப்ளே துடைக்காமல் விட்டிருந்தான். கடல்காற்றின் உப்பு அதில் படிந்து, கிரிஸ்டல் சேரும் 9-ஆம் காலுக்கும் 10-ஆம் காலுக்கும் நடுவே ஈரப்பாதை போட்டுவிட்டது. கிரிஸ்டல் கால்களில் ஓடுவது மிக மெல்லிய சிக்னல். கொஞ்சம் கசிந்தாலே நின்றுவிடும். இந்தக் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிக்கவே மண்டபத்தில் மத்திய அரசின் நிலையம் ஒன்று இருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே 2022-இல் ஓய்வெடுக்க வைத்த காற்றுக்கு டாட் போர்டு எம்மாத்திரம்!

சோதித்துப் பார்த்தோம். சூடான சால்டரிங் அயர்னை கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் பிடித்தால் எல்இடி எழுந்தது. வாயால் 'ஹா' என்று ஊதினால் படுத்தது. இந்த விளையாட்டு பிடித்துப்போய் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நின்று ஊதினார்கள். போர்டுக்கு அன்றைக்கு வந்த ஈரத்தில் பாதி அவர்களுடையது.

மறுநாள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, கருவாட்டுப் பாயில் ஓர் ஓரமாகக் காயப்போட்டோம். காவலுக்கு அக்கா, காக்காவுக்காக. மேலே பூச வார்னிஷ் இல்லை. மாப்ளேயின் தங்கை வைத்திருந்த சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது. கிரிஸ்டலைச் சுற்றித் தடவினான். அன்று ராத்திரி எல்லோரும் மாறி மாறி ஊதியும் சனியன் அசரவில்லை.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் நன்றியுரையில் எனக்கு ஒரு வரி, நெயில் பாலிஷுக்காகத் தங்கைக்கு ஒரு வரி. அக்கா முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "என் பேரு?" என்றாள்.

"உன் பேரு வேணாம்மா, வாத்தியார் எதுக்குன்னு கேட்டா கருவாட்டைச் சொல்லணும்."

"சொன்னா என்ன? ஒரு கிலோ கட்டித் தரேன், கொண்டுபோய்க் கொடு."