ஐந்து மென்பொருள், ஒரே லயம்: லினக்ஸ் இசை நாட்குறிப்பு

ஜனவரி 6

புதிய பாட்டுக்கான கருவிகள் முடிவாகிவிட்டன. தாளத்துக்கு ஹைட்ரஜன், நோட்டு எழுத ரோஸ்கார்டன், ஒலிக்கு யோஷிமியும் ஃப்ளூயிட்சிந்தும், பதிவுக்கு ஆர்டோர். ஐந்தும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும், ஒரே காலப்பிரமாணத்தில் ஓட வேண்டும். பாட்டின் நடுவில் எங்கே தாவினாலும் எல்லாம் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய மென்பொருளுக்குள் செய்துவிடலாமே என்று கேட்பார்கள். செய்யலாம்தான். ஆனால் ஹைட்ரஜனில் ஒரு டிரம் பேட்டர்னைத் தட்டி எழுதுகிற வேகம் எனக்கு வேறெங்கும் கைகூடவில்லை. யோஷிமிக்குள் இருக்கும் பேட்சிந்த் என்ற ஒலி உருவாக்கி தருகிற அகலமான, மெதுவாக அசைகிற ஒலியை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. பிடித்த கருவிகளைப் பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ள முடிகிறது என்பதற்காகவே நான் லினக்ஸில் இசை செய்கிறேன். அதற்கான விலை, இவற்றை ஒத்திசைக்கும் வேலை.

ஜனவரி 8

முதலில் மிடி கிளாக்கைப் பார்த்தேன். இசைக் கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் நெறிமுறையான மிடி 1983-இல் வந்தது. வெளிக் கருவிகளுடன் பேச இன்றைக்கும் இதுவே பொதுமொழி. கிளாக் என்பது வேகத்தைக் காட்ட அதில் அனுப்பும் சீரான துடிப்பு, ஒரு கால் நோட்டுக்கு 24. வேகம் நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட் அரை நொடி, துடிப்புக்குத் துடிப்பு 20.83 மில்லிசெகண்ட்.

ரோஸ்கார்டனிலிருந்து கிளாக்கை அனுப்பி, லினக்ஸின் ஒலி அடுக்கான ஆல்சாவின், வரும் மிடி செய்திகளைக் காட்டும் ஏ-சீக்-டம்ப் கட்டளையை டெர்மினலில் ஓடவிட்டேன். ‘கிளாக்’, ‘கிளாக்’, ‘கிளாக்’ என்று வரி வரியாக இறங்குகிறது. அவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பைட். அதில் வேகம் எழுதியிருக்காது, எத்தனையாவது பார் என்றும் இருக்காது. வாங்குகிற மென்பொருள்தான் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்து வேகத்தை ஊகிக்க வேண்டும். துடிப்புகள் கொஞ்சம் முன்பின்னாக வந்தால் வேகம் 119.6, 120.3 என்று தத்தளிப்பது இதனால்தான்.

இடத்தைச் சொல்ல ‘சாங் பொசிஷன் பாயின்டர்’ என்று தனிச் செய்தி இருக்கிறது. அது பதினாறில் ஒரு பங்கு நோட்டுகளை எண்ணும், அதாவது ஆறு கிளாக் துடிப்புக்கு ஒன்று. 14 பிட் என்பதால் 16,384 படிகள். 4/4 தாளத்தில் 1,024 பார். ஒரு பாட்டுக்குத் தாராளம். ஆனால் அது பதினாறாம் நோட்டின் தொடக்கத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும், நடுவில் நிறுத்தாது. ‘ஸ்டார்ட்’ செய்தி வந்தால் எப்போதும் முதலிலிருந்து ஓடும். நின்ற இடத்திலிருந்து தொடர ‘கன்டினியூ’ வேண்டும். வாங்கும் பக்கம் இந்த இரண்டையும் ஒழுங்காகப் பிரித்துப் பார்க்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுவது நல்லது.

ஜனவரி 9

சின்ன வேலைதான், பலன் பெரியது. ஆல்சாவில் மிடி செய்திகளை நேரப்படி அனுப்பும் சீக்வென்சர், கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) சாதாரண டைமரை நம்பி ஓடினால், 250 ஹெர்ட்ஸ் கெர்னலில் அதன் மிகச்சிறிய அடி 4 மில்லிசெகண்ட். நுண்ணிய டைமர் தரும் எஸ்என்டி-எச்ஆர்டைமர் மாட்யூலை ஏற்றி, ரோஸ்கார்டனின் டைமராக அதையே தேர்ந்தெடுத்தேன். ஹை-ஹேட் வரிசை உடனே இறுகி ஒலிக்கிறது.

ஜனவரி 13

இன்று ஜாக் டிரான்ஸ்போர்ட்: மென்பொருள்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் சர்வரான ஜாக், எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டவும் நிறுத்தவும் தரும் வசதி. ஆர்டோரைத் தொடங்கிய பால் டேவிஸ்தான் ஜாக்கையும் எழுதினார். பல மென்பொருள்களை ஒரே ஒலி ஓட்டத்தில் சேர்க்க வேண்டும் என்கிற தேவை அதன் அடித்தளத்திலேயே தெரிகிறது.

மிடி கிளாக்கில் யாரோ ஒருவர் கைதட்ட, மற்றவர் கேட்டுப் பின்தொடர்கிறார். ஜாக்கில் அப்படிக் கேட்டு ஊகிக்கிற வேலையே இல்லை. ஒவ்வொரு பீரியடிலும் (ஒலியை ஒரே தவணையில் கையாளும் சிறு துண்டு நேரம்) ஜாக் எல்லா மென்பொருளையும் கூப்பிட்டு ‘இந்த பீரியட் இத்தனையாவது ஃப்ரேமில் தொடங்குகிறது’ என்று ஒரே எண்ணைக் கொடுக்கிறது. ஃப்ரேம் என்பது ஒரு கணத்தின் ஒலி அளவீடு, அதாவது சாம்பிள்; அந்த எண் சவுண்ட் கார்டின் சாம்பிள் ஓட்டத்தோடு சேர்ந்து நகர்கிறது. 48,000 ஹெர்ட்ஸில் 256 ஃப்ரேம் என்றால் 5.33 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் ஒரே செய்தி.

தாவும்போது நடப்பதையும் கவனித்தேன். ஆர்டோரில் 33-ஆம் பாரில் சொடுக்கினால் டிரான்ஸ்போர்ட் உடனே ஓடாது. ‘ஸ்டார்டிங்’ நிலையில் நிற்கும். வட்டிலிருந்து ஒலியைப் படிக்க நேரம் கேட்கிற மென்பொருள் ‘தயார்’ என்று சொல்லும்வரை ஜாக் பொறுத்திருக்கும், இயல்பாக அதிகபட்சம் இரண்டு நொடி. அப்புறம்தான் எல்லாம் சேர்ந்து கிளம்பும். இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது.

ஃப்ரேம் எண் மட்டும் போதாது, பார்-பீட் வேண்டுமே? அதற்கு ஒரே ஒரு மென்பொருள் ‘டைம்பேஸ் மாஸ்டர்’ ஆக வேண்டும். பார், பீட், டிக், வேகம், தாளக் கணக்கு எல்லாவற்றையும் அது நிரப்பிக் கொடுக்கும். ஹைட்ரஜனில் ஜெ.டிரான்ஸ் பொத்தானை மட்டும் அழுத்தினேன், ஜெ.மாஸ்டரைத் தொடவில்லை. டைம்பேஸ் ஆர்டோரிடம்.

ஜனவரி 14

பாட்டின் கடைசிப் பகுதியில் வேகம் 96-லிருந்து 84-க்கு இறங்குகிறது. டைம்பேஸ் ‘இப்போது’ என்ன வேகம் என்பதைத்தான் சொல்லும். பாட்டு முழுவதற்குமான வேக வரைபடத்தைச் சொல்லாது. ரோஸ்கார்டன் டிரான்ஸ்போர்ட்டின் ஃப்ரேம் எண்ணைப் பின்பற்றினாலும், அது எந்த பார் என்பதைத் தன்னிடம் உள்ள வேகப் பட்டியலை வைத்தே கணக்கிடும். ஆகவே ஆர்டோரிலும் ரோஸ்கார்டனிலும் ஒரே பாரில் ஒரே எண்ணை எழுதி வைத்தேன். படிப்படியாக வேகம் குறைவதை ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் கணக்கிடும் என்பதால், பார் எல்லையில் சட்டென்று மாறும் சின்னச் சின்ன படிகளாகவே வைத்திருக்கிறேன். காதுக்கு இயல்பாகவே இருக்கிறது.

ஜனவரி 18

வேகமும் இடமும் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் யோஷிமியின் பேஸ் நோட்டு டிரம்மோடு ஒட்டவில்லை என்று காது சொல்லியது. சரி, அளந்தே பார்த்துவிடலாம்.

ஹைட்ரஜனின் கிக்கை ஒரு டிராக்கிலும், யோஷிமியின் ஒரு கூர்மையான, சட்டென்று தொடங்கும் ஒலியை இன்னொரு டிராக்கிலும் ஆர்டோரில் பதிவு செய்து, சாம்பிள்கள் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கினேன். பஃபரை (ஒரு பீரியடின் நீளத்தை) வேண்டுமென்றே 1,024-இல் வைத்திருந்தேன். நோட்டுகள் ஆல்சா மிடி வழியாகப் போகும்போது இரண்டு அலைகளுக்கும் இடையிலான தூரம் ஒரு பீட்டில் சிறிதாகவும் அடுத்த பீட்டில் பெரிதாகவும் இருந்தது. காரணம் புரிகிறது: வழியில் வந்த நோட்டு அடுத்த பீரியடின் தொடக்கத்துக்காகக் காத்திருக்கிறது. 1,024 ஃப்ரேம் என்பது 21.3 மில்லிசெகண்ட், அந்த எல்லைக்குள் அது எங்கேயும் விழலாம்.

யோஷிமியை ஜாக் மிடிக்கு மாற்றி, நோட்டுகளையும் ஜாக் மிடியிலேயே அனுப்பி, அதே பதிவைத் திரும்பச் செய்தேன். ஜாக் மிடியில் ஒவ்வொரு செய்தியோடும், பீரியடுக்குள் எந்த ஃப்ரேமில் அது நிகழ வேண்டும் என்ற எண் கூடவே வரும். இப்போது இரண்டு அலைகளுக்கும் இடையே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, ஆனால் எல்லா பீட்டிலும் அதே இடைவெளி. இதைத்தான் தேடினேன். மாறாத தாமதத்தை டிராக்கை நகர்த்தி ஒரே நிமிடத்தில் சரிசெய்யலாம். நோட்டுக்கு நோட்டு மாறுகிற தாமதத்தை எந்த எண்ணாலும் சரிக்கட்ட முடியாது. லயத்தைக் கெடுப்பதும் அதுதான்.

ஜனவரி 19

ஃப்ளூயிட்சிந்த் ஒலியை 64 சாம்பிள் கட்டுகளாக உருவாக்குகிறது. 48,000 ஹெர்ட்ஸில் 1.33 மில்லிசெகண்ட். கவலைப்பட ஒன்றுமில்லை.

அளப்பதற்கு பேட் (pad) ஒலிகளைப் பயன்படுத்தக் கூடாது. மெல்ல எழுகிற ஒலி சரியான நேரத்தில் தொடங்கினாலும் பின்தங்குவதுபோலக் கேட்கும். அது அந்த ஒலியின் குணம், ஒத்திசைவின் குறையல்ல.

ஜனவரி 25

ஜாக்கின் இடத்தில் நிற்கக்கூடிய புதிய ஒலி சர்வரான பைப்வயரின் மேல் இதே அமைப்பு. ஜாக் மென்பொருள்களைப் பைப்வயரில் ஓட்டும் பிடபிள்யூ-ஜாக் வழியாக ஐந்தும் எழுந்து வந்தன, டிரான்ஸ்போர்ட்டும் ஓடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பைப்வயரில் மென்பொருள்கள் கேட்பதற்கேற்ப குவான்டம் (ஜாக்கின் பீரியட் போன்றது) தானாக மாறும். பதிவின்போது அது மாறினால் நேற்று அளந்த தாமதம் இன்று பொருந்தாது. பிடபிள்யூ-மெட்டாடேட்டா கட்டளையில் ஃபோர்ஸ்-குவான்டத்தை 256 என்று கட்டிவைத்தேன்.

ஜனவரி 28

நிகழ்நேர முன்னுரிமை அனுமதி, நினைவகப் பூட்டு, சிபியுவை முழு வேகத்தில் நிறுத்துவது எல்லாம் ஆயிற்று. எக்ஸ்ரன் (கணினி நேரத்துக்குள் ஒலியைத் தர முடியாமல் ஏற்படும் தடங்கல்) அடங்கிவிட்டது. ஜாக்குக்குள் இருப்பவை எக்ஸ்ரன் வந்தாலும் ஒரே எண்ணைத்தான் பார்க்கும், அதனால் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. வெளியே கிளாக் வாங்குகிற கருவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிப்ரவரி 2

நண்பர் தன் கணினியோடு வந்து சேர்ந்து வாசிக்க விரும்புகிறார். இரண்டு கணினி, இரண்டு சவுண்ட் கார்டு, நேரத்தை நிர்ணயிக்கும் இரண்டு படிகங்கள். அவற்றுக்குள் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் நான்கு நிமிடத்தில் 12 மில்லிசெகண்ட் விலகிவிடும். ஒன்றாகக் கிளம்பினால் மட்டும் போதாது, வழியெல்லாம் திருத்திக்கொண்டே வர வேண்டும். ஏபிள்டன் லிங்க் இதற்குப் பொருத்தம்: தலைவன் என்று யாரும் இல்லாமல் வேகத்தையும் பீட்டையும் பகிரும். பாட்டில் எந்த இடம் என்பதைப் பகிராது. கலந்து வாசித்துப் பார்க்க அது போதும், பதிவுக்கு ஜாக்கை நெட்வொர்க்கில் நீட்டும் நெட்ஜாக். அங்கே இரண்டாம் கணினி முதல் கணினியின் சவுண்ட் கார்டு ஓட்டத்தையே பின்பற்றும்.

பிப்ரவரி 5

கடைசியாக வெளி சிந்தசைசர். ஜாக்-மிடி-கிளாக் என்ற சின்ன நிரல், டிரான்ஸ்போர்ட்டைக் கேட்டு மிடி கிளாக்காக மாற்றி அனுப்புகிறது. பழைய ஐந்து முனைக் கேபிளில் வேகம் நொடிக்கு 31,250 பிட். மூன்று பைட் கொண்ட ஒரு நோட்டுக்கு 0.96 மில்லிசெகண்ட். ஆறு நோட்டு ஒன்றாக ஒலிக்கும் கார்டை (chord) அதே கேபிளில் அனுப்பினால் கடைசி நோட்டு கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட் கழித்துத்தான் போய்ச் சேரும். திரும்பத் திரும்ப வரும் முதல் பைட்டை விட்டுவிடும் ரன்னிங் ஸ்டேட்டஸ் இருந்தாலும் 4-க்குக் குறையாது. அதற்கிடையில் கிளாக் துடிப்பும் தன் இடத்துக்காகக் காத்திருக்கும்.

எனவே கார்டுகள் எல்லாம் யோஷிமிக்கு. வெளி சிந்தசைசருக்கு ஒற்றை நோட்டு பேஸ் வரி மட்டும். ஜாக்-ஐஓ-டிலே நிரலைக் கொண்டு சவுண்ட் கார்டின் போய்வரும் தாமதத்தை அளந்து, அந்த எண்ணை ஆர்டோரில் எழுதிவிட்டேன். கிக்கும் பேஸும் இப்போது ஒன்றாக விழுகின்றன. நாளை சரணத்திலிருந்து பதிவு.